எலையக் காணமே சார்!

(வாசகர் கேள்வி - பதில்)

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "ஆண்டிப்பட்டிக்காரர்கள் எந்தத் தலைவருக்கும் ஓட்டுப் போட்டதில்லை, இரட்டை இலைக்குத்தான் போட்டார்கள்." அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டேன். கேள்விகளுக்கு இங்கே பதில். இந்த இதழ் முழுக்க ஆண்டிப்பட்டித் தொகுதிதான். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கம் போய்ச் சமையல் குறிப்பு பார்க்கலாம்.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: உசிலம்பட்டிப் பக்கம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாமனார் வீடு ஆண்டிப்பட்டி சக்கம்பட்டியில், தறிக்காரக் குடும்பம். தேனி தனி மாவட்டமாகப் பிரியாமல் எல்லாமே மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், எலெக்‌ஷன் டூட்டி என்றால் எங்களைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். 1984-லும் 1989-லும் எனக்கு வாய்த்தது வருசநாட்டு மலையடிவாரத்தில் பூத். "பேரைப் போட வேண்டாம், உள்ளூரில் வம்பு" என்று முக்கால்வாசிப் பேர் எழுதியிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

கே: எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அதுகூட அவர் முகத்துக்கு விழுந்த ஓட்டு இல்லையா? இலைக்கு விழுந்ததா? படித்தவர் இப்படிப் பேசலாமா?
(உசிலம்பட்டி வாசகர்)

ப: கோபத்தைக் குறையுங்கள். ஊரில் பாதிப் பேர் என் மாணவர்கள், நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம்.

1984 அக்டோபர் 5-ஆம் தேதி அவரைச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பரில் நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொலை. டிசம்பர் 24-ல் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்து ஓட்டுப்பதிவு. வேட்பாளர் தொகுதிக்குள் ஒரு நாள்கூடக் காலடி வைக்கவில்லை. கிடைத்தது 60,510 ஓட்டு. எதிர்த்து நின்ற தி.மு.க. வல்லரசுக்கு 28,026. வித்தியாசம் 32,484. வராத ஆளுக்கு இத்தனை ஓட்டு என்றால் அது பாசம்தான். அதை நான் மறுக்கவே இல்லை.

பிரசாரம் ஓய்வதற்கு முன்னால் உசிலம்பட்டியில் வீடியோ வேன் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புரூக்ளின் ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். சாப்பிடுகிறார், பேப்பர் பார்க்கிறார், அவ்வளவுதான் படம். சத்தம்கூடச் சரியாக வராது. ஜனம் கைகூப்பிக்கொண்டு நின்றது. "உசிரோட இருக்காரு, பாரு" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள்.

இனி பூத்துக்குள் வாருங்கள். ஓட்டு இயந்திரம் இல்லாத காலம். வெள்ளைச் சீட்டு பாராளுமன்றத்துக்கு, ரோஸ் சீட்டு சட்டசபைக்கு. அம்புக்குறி ரப்பர் முத்திரை. குத்தின பிறகு முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், அப்புறம் குறுக்கே. மாற்றி மடித்தால் மை அடுத்த சின்னத்தில் ஒட்டி ஓட்டு செல்லாமல் போய்விடும். ஒவ்வொருவருக்கும் இதை மடித்துக் காட்டிக் காட்டி மத்தியானத்துக்குள் எனக்கு விரல் மரத்துவிட்டது. ஒரு பெரியவர் ரோஸ் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலைவர் படத்தக் காணமே?" என்றார். சீட்டில் படம் கிடையாது, பேரும் சின்னமும்தான் (வேட்பாளர் படம் போடும் வழக்கம் 2015-க்குப் பிறகு வந்தது). எந்தச் சின்னம் என்று நான் சொல்லக் கூடாது. அவருக்கு எழுத்தும் தெரியாது. அப்படியே நின்றவர் திடீரென்று, "அட, இந்தா இருக்கு" என்று சிரித்துவிட்டுத் தட்டி மறைப்புக்குப் பின்னால் போனார். எம்.ஜி.ஆர். என்ற எழுத்தை அவர் வாசிக்கவில்லை, இலையைத்தான் பார்த்தார். வந்து பெட்டியில் போட்டுவிட்டுப் பெட்டியையே தொட்டுக் கும்பிட்டார். "சேதி அமெரிக்காவுக்கு எப்பப் போகும் சார்?" என்று கேட்டார்.

அந்த முகமும் அந்த இலையும் ஒட்டியிருந்த வரைக்கும் எது எதற்கு விழுந்தது என்று பிரிக்க முடியாது. நீங்கள் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது அடுத்த தேர்தலில். கீழே பாருங்கள்.

கே: கணவர் ஜெயித்த தொகுதியில் ஜானகி அம்மையார் தோற்றது எப்படி? ஆண்டிப்பட்டிக்கு நன்றி கிடையாதா?
(கம்பம் வாசகி)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. தேதியைக் கவனியுங்கள், ஆண்டிப்பட்டி அவருக்கு ஓட்டுப் போட்டு அன்றைக்குச் சரியாக மூன்று வருஷம். அடுத்த ஜனவரி 7-ல் ஜானகி அம்மையார் முதலமைச்சர், தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். ஒரு மாதம்கூட முடியவில்லை; சட்டசபையில் ரகளை, ஆட்சி கலைப்பு. பிறகு ஒரு வருஷம் கவர்னர் ஆட்சி. கட்சி இரண்டாகி, இரண்டு பேருமே இலை எங்களுக்கு என்று கேட்க, தேர்தல் கமிஷன் இலையை முடக்கி வைத்துவிட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். 1989 ஜனவரி 21-ல் தேர்தல். அம்மையார் கணவர் தொகுதியான ஆண்டிப்பட்டிக்கு வந்தார். ஜெயலலிதா பக்கத்துத் தொகுதியான போடிக்குப் போனார். ஆண்டிப்பட்டியில் சேவலும் தனியாக நின்றது. காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் யாரோடும் சேராமல் நின்றது. மீதி தி.மு.க.வின் சூரியன்.

என் பூத் ஓடு வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம். ஒற்றை அறை. காலை பத்து பத்தரை மணி இருக்கும். தண்டட்டி போட்ட ஒரு பாட்டி சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவர் வெளியே வரவில்லை. வரிசை நீண்டுவிட்டது. "பாட்டி, குத்தியாச்சா?" என்று குரல் கொடுத்தேன். சீட்டை விரித்துப் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார்.

"எலையக் காணமே சார்."

"அதுல இருக்கிற சின்னத்துல ஒண்ணுல குத்துங்க பாட்டி."

"எலையத்தான் காணமே. கிழிச்சுப்புட்டீகளா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். செருமல் மாதிரித்தான் ஆரம்பித்தது, அதற்குள் ஒரு பறவையின் பெயர் இருந்தது. எந்தப் பறவை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நான் அவரை முறைத்துவிட்டுப் பாட்டியிடம், "இந்தத் தடவை இலை இல்லை பாட்டி, மத்ததுல பிடிச்சதுல குத்துங்க" என்றேன். அவ்வளவு சொன்னதே சட்டப்படி சரியா என்று அன்று ராத்திரி யோசித்தேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரேஷன் கடையில் சீனி தீர்ந்துபோச்சு என்று சொன்னால் பார்ப்பார்களே, அது. சீட்டை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாக நீளவாக்கில் மடித்து, குறுக்கே மடித்து, முத்திரையே குத்தாமல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு என் பூத்தில் மட்டும் நாலைந்து பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் மாமனார் ஓட்டுப் போடவே போகவில்லை. தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நம்ம சின்னம் இல்லாத எலெக்சனுக்கு நான் எதுக்கு?" என்றாராம்.

முடிவு தெரிந்ததுதான். தி.மு.க. ஜெயித்தது. புறாவுக்கும் சேவலுக்கும் விழுந்ததைக் கூட்டினால் சூரியனைத் தாண்டும். அடுத்த தொகுதியில் ஜெயலலிதா ஜெயித்தார். அவர் அணிக்கு 27 இடம். ஜானகி அம்மையாரோடு கூட்டுச் சேர்ந்த சிவாஜி கணேசனே திருவையாற்றில் தோற்றார். அம்மையார் அரசியலை விட்டு ஒதுங்கி, கட்சி ஒன்றாகி, இலை திரும்ப வந்தது.

நன்றி இல்லையா என்று கேட்கிறீர்கள். அந்தப் பாட்டிக்கு நன்றி இருந்தது. அதைக் குத்த இடம்தான் இல்லை.

கே: ஜானகியைத் தோற்கடித்தவர் பெயர் என்ன? என் பேரன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான், கேட்கிறான்.
(மதுரை வாசகர்)

ப: பி. ஆசையன், தி.மு.க. 1989, 1996 என்று இரண்டு முறை அங்கே ஜெயித்தவர். ஒரு முன்னாள் முதலமைச்சரை, அதுவும் எம்.ஜி.ஆர். மனைவியை, எம்.ஜி.ஆர். தொகுதியிலேயே வென்றவர். ஆண்டிப்பட்டி என்றதும் எல்லோரும் இரண்டு பேரைச் சொல்கிறார்கள், இவரை யாரும் சொல்வதில்லை. பேரனுக்கு என் வாழ்த்து.

கே: உங்கள் வாதம் ஓட்டை. 1996-ல் இலை ஒரே இலையாக இருந்ததே, ஏன் தோற்றது?
(தேவாரம் வாசகர்)

ப: ஒப்புக்கொள்கிறேன். 1996-ல் அடித்தது அலை. மாநிலம் முழுக்க அ.தி.மு.க.வுக்கு 4 இடம். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த வருஷத்துக்கு என் வாதத்தில் விலக்குக் கொடுங்கள். வாத்தியாருக்கும் ஒரு கேள்வி சாய்ஸில் விட உரிமை உண்டு.

கே: 2001-ல் ஜெயலலிதா நான்கு தொகுதியில் மனுப் போட்டு நான்கும் தள்ளுபடி ஆனதாம். ஏன் நான்கு? அதில் ஆண்டிப்பட்டிக்கு என்ன பங்கு?
(சென்னை, சட்டக் கல்லூரி மாணவர்)

ப: ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை. டான்சி வழக்கில் (அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய ஊழல் வழக்கு) தண்டனை இருந்ததால் போட்டியிடத் தகுதி இல்லை என்று ஆண்டிப்பட்டியிலும் கிருஷ்ணகிரியிலும் தள்ளினார்கள். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1996-ல் வந்த சட்டத் திருத்தத்தைக் காட்டி மற்ற இரண்டிலும் தள்ளினார்கள். ஏன் நான்கு என்றால், தள்ளுவார்கள் என்று தெரிந்தேதான் போட்டார் என்பது என் யூகம். நான்கு ஊரில் நான்கு முறை செய்தி. பிரசாரத்துக்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

பெரிய தலைவர் மனுப் போட்டால் பின்னாலேயே மாற்று வேட்பாளர் ஒருவர் மனுப் போடுவார். பெரும்பாலும் பரிசீலனை முடிந்ததும் வாபஸ் வாங்கிவிட்டுப் பூத் வேலைக்குப் போகிறவர். ஆண்டிப்பட்டியில் அப்படிப் போட்ட தங்க தமிழ்ச்செல்வன் நிஜ வேட்பாளராகி, எம்.எல்.ஏ.வும் ஆகிவிட்டார். ஜெயலலிதா எம்.எல்.ஏ. ஆகாமலே மே 14-ல் முதலமைச்சர். செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நாற்காலிக்குப் பெரியகுளம் எம்.எல்.ஏ. ஓ. பன்னீர்செல்வம் வந்தார். டிசம்பரில் டான்சி வழக்கில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்து இடம் விட, 2002 பிப்ரவரி 21-ல் இடைத்தேர்தல்.

அந்த ஒரு மாதம் ஆண்டிப்பட்டியைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் மாமனார் தெருவில் மாடி அறை இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் ராஜாக்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வருஷ வாடகை. தறி ஓடுகிற சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று வெளியூர்க் கட்சிக்காரர் ஒருவர் மாமனாரிடம் வந்து கெஞ்சினார். "அம்மாவுக்குத்தான் நானும் போடுறேன், தறியும் போடுறேன்" என்றார் மாமா. புரோட்டாக் கடையில் மதியமே சால்னா தீர்ந்துவிடும்.

ஜெயலலிதா 78,437. தி.மு.க. வைகை சேகர் 37,236. வித்தியாசம் 41,201. மார்ச் 2-ல் மீண்டும் முதலமைச்சர்.

கே: 2006-ல் ஜெயலலிதாவை எதிர்த்து ஆண்டிப்பட்டியில் சீமான் நின்றாரா? வாட்ஸ்அப்பில் வருகிறதே?
(சின்னமனூர் வாசகர்)

ப: சீமான் நின்றார், நீங்கள் நினைக்கிற சீமான் இல்லை. தி.மு.க. வேட்பாளர் பெயரும் சீமான். வாங்கியது 48,741, ஜெயலலிதா 73,927. வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினீர்களே, அதற்கு நன்றி. பலர் எழுதுவதில்லை.

கே: ஜெயலலிதாவை முதலில் சட்டசபைக்கு அனுப்பியது எங்கள் போடி. பெருமை எல்லாம் ஆண்டிப்பட்டிக்கா?
(போடி வாசகி)

ப: நியாயம்தான். 1989-ல் போடியில் ஜெயித்துத்தான் அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஆனால் 1991-ல் பர்கூருக்கும் காங்கேயத்துக்கும் போய்விட்டார். ஆண்டிப்பட்டிக்கும் அதே கதைதான். 2011-ல் ஸ்ரீரங்கம் போனார், பிறகு ஆர்.கே. நகர். எம்.ஜி.ஆர். மட்டும் என்ன? பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, கடைசியாக ஆண்டிப்பட்டி. தலைவர்கள் தொகுதியில் குடியிருப்பதில்லை, லாட்ஜில் தங்குகிற மாதிரித்தான். உங்கள் போடிக்கு ஓ. பன்னீர்செல்வம் கணக்கு இருக்கிறது, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஓ.பி.எஸ். என்று மூன்று முதலமைச்சர்களைக் கொடுத்த சின்ன மாவட்டம் என்று தேனிக்காரர்கள் சேர்ந்து காலரைத் தூக்கிக்கொள்ளலாம். இதில் வேடிக்கை, தேனி என்ற பெயரில் இப்போது சட்டசபைத் தொகுதியே கிடையாது. மறுசீரமைப்பில் போய்விட்டது. 2011 முதல் மாவட்டத்துக்கு ஆண்டிப்பட்டி, பெரியகுளம், போடி, கம்பம் நான்குதான்.

கே: சாதிக் கணக்கைச் சொல்லாமல் சின்னம், இலை என்று பூசி மெழுகுகிறீர்களே?
(திண்டுக்கல் வாசகர்)

ப: பூசவில்லை. உள்ளூர் ஆளுக்கு சீட் கொடுக்கும்போது எல்லாக் கட்சியும் சாதிப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறது. யூனியன் எலெக்‌ஷனில் சாதிதான் பேசும், அதுவும் உரக்க. ஆனால் இலங்கையில் கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆருக்கும் கர்நாடகத்து மேல்கோட்டையில் பிறந்த ஜெயலலிதாவுக்கும் இங்கே எந்தச் சாதி ஓட்டு இருந்தது? கள்ளர், நாயக்கர், நெசவாளர், தலித் எல்லாத் தெருவிலும் இலைக்கு ஆள் இருந்ததால்தான் அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் அந்த இலை முதன்முதலில் ஜெயித்தது, மாயத்தேவருக்கு. இலை முளைத்த இடத்திலிருந்து ஆண்டிப்பட்டி கூப்பிடு தூரம்.

கே: இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ஆர். ஆண்டிப்பட்டி எம்.எல்.ஏ.வா?
(சேடப்பட்டி வாசகர்)

ப: ஆமாம், 1980-ல், அ.தி.மு.க. சார்பில். உங்கள் ஊர்க்காரர், பெயரின் முதல் எழுத்தே சேடப்பட்டிதானே! அதற்கு முன்பு 1962-ல் தேனித் தொகுதியில் தி.மு.க. எம்.எல்.ஏ. இந்தியாவிலேயே எம்.எல்.ஏ. ஆன முதல் நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். 1984-ல் ஆண்டிப்பட்டிக்கு மாறியது ஒரு நடிகரின் தொகுதிக்கு இன்னொரு நடிகர் வந்ததுதான்.

கே: அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்றார்களே, அது நாடகமா, நிஜமா?
(விருதுநகர் வாசகி)

ப: நிஜம். அண்ணன் மகாராஜன் தி.மு.க., தம்பி லோகிராஜன் அ.தி.மு.க. அந்தத் தேர்தல் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு டி.டி.வி. தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்தார். அதில் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல் 18-ல் பாராளுமன்றத்தோடு சேர்த்து இடைத்தேர்தல். ஓட்டுக்கு முந்தின முந்தின நாள் ராத்திரி ஊருக்குள் பணம் பிடிக்க வந்த சோதனையில் போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. 1 கோடியே 48 லட்சம் ரூபாய், வார்டு நம்பர் எழுதின கவர்களில். நான் டூட்டி பார்த்த காலத்தில் பூத்தில் டீக்காசுக்கு நான்தான் கணக்கு எழுதுவேன்.

அண்ணன் 87,079, தம்பி 74,756. வித்தியாசம் 12,323. தினகரன் கட்சி வேட்பாளர் வாங்கினது இந்த வித்தியாசத்தைவிட அதிகம். 1989 ஞாபகம் வருகிறதா? இலை தம்பி கையில்தான் இருந்தது, ஆனால் இலைக்காரர்கள் எல்லோரும் அங்கே இல்லை. அதே நாள் நடந்த தேனி பாராளுமன்றத் தேர்தலில் இலை ஜெயித்தது. தமிழ்நாட்டிலேயே அ.தி.மு.க. கூட்டணி ஜெயித்த ஒரே பாராளுமன்றத் தொகுதி. 2021-ல் அதே அண்ணன், அதே தம்பி. அண்ணன் 93,541, தம்பி 85,003. மறுபடியும் அண்ணன்.

இந்தக் குடும்பக் கதையைவிட எனக்குத் தங்க தமிழ்ச்செல்வன் கதைதான் பிடிக்கும். மாற்று வேட்பாளராக வந்து எம்.எல்.ஏ. ஆனார். தலைவிக்காக இடம் விட்டார், மாநிலங்களவைக்குப் போனார். 2011, 2016-ல் இலையில் மீண்டும் எம்.எல்.ஏ. பதவி போனது. 2019-ல் தினகரன் கட்சியில் பாராளுமன்றத்துக்கு நின்று தோற்றார், சில வாரத்தில் தி.மு.க. 2021-ல் போடியில் ஓ.பி.எஸ்.ஸிடம் தோல்வி. 2024-ல் தேனியில் சூரியனில் ஜெயித்து எம்.பி. தோற்கடித்தது யாரை? அதே தினகரனை. இதைக் கதையாக எழுதி அனுப்பினால், நம்பும்படி இல்லை என்று எங்கள் ஆசிரியரே திருப்பி அனுப்பிவிடுவார்.

கே: இரண்டு முதலமைச்சர்கள் இருந்த தொகுதிக்கு என்ன கிடைத்தது?
(ஆண்டிப்பட்டி வாசகர்)

ப: உள்ளூர்க்காரர் நீங்களே கேட்டால் எப்படி? க.விலக்கில் மெடிக்கல் காலேஜ் வந்தது. வருசநாட்டுப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது மாறியது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ரோடு வந்தது. தண்ணீர்? வைகை அணை உங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது, 1959-ல் காமராஜர் திறந்தது, தண்ணீர் தேங்கும் உயரம் 71 அடி. தண்ணீர் மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது. அணையைப் பார்த்துக்கொண்டே குடத்தோடு நிற்கிற ஊர்கள் தொகுதிக்குள் இருந்தன. கண்மாய்களை நிரப்பித் தாருங்கள் என்பது எல்லாத் தேர்தலிலும் கேட்கிற கோரிக்கை. அகல ரயில் பாதைக்காக மதுரை - போடி ரயிலை நிறுத்தினார்கள். மீண்டும் மதுரையிலிருந்து ஆண்டிப்பட்டி வழியாகத் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். பதினோரு வருஷத்துக்கு மேல். அதற்குள் சட்டசபைத் தேர்தல் மட்டும் மூன்று, ஒரு இடைத்தேர்தல் வேறு.

கே: டூட்டி பார்த்ததைப் பெருமையாக எழுதுகிறீர்கள். எங்கள் மொடக்குறிச்சியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்!
(ஈரோடு வாசகர்)

ப: கும்பிடு போடுகிறேன். 1996-ல் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட அத்தனை பேர் மனுப் போட்டு 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை, அதாவது தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லை. அப்போது டெபாசிட் 250 ரூபாய். அதற்குப் பிறகுதான் 5,000 ஆக்கினார்கள். அந்தப் புத்தகத்தை நீளவாக்கில் எப்படி மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்களோ!

கே: எல்லாம் சரி, நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்? இலைக்கா, சூரியனுக்கா? தைரியம் இருந்தால் எழுதுங்கள்.
(பெயர், ஊர் எதுவும் இல்லாத கார்டு, முத்திரையில் ஆண்டிப்பட்டி என்று பாதி தெரிகிறது)

ப: டூட்டியில் இருப்பவனுக்குத் தபால் ஓட்டுத்தான். 1984-ல் எனக்குச் சீட்டே வரவில்லை. 1989-ல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்று பிப்ரவரி பிறந்திருந்தது. ஜனவரி 27-லேயே கருணாநிதி முதலமைச்சராகப் பதவி ஏற்றுவிட்டார். உறையைப் பிரித்துப் பார்த்தேன். புறா இருந்தது, சேவல் இருந்தது, சூரியன், கை எல்லாம் இருந்தது. "இப்பக் குத்தி அனுப்புனா என்ன ஆகும்?" என்றாள் மனைவி. பழைய எல்.ஐ.சி. ரசீதுகளோடு சேர்த்து அவள்தான் எடுத்து வைத்தாள். இன்னும் இருக்கிறது, குத்தாமல்.